அம்பத்தூர்ல பண்ணாத எல்போவா?

என் தங்கமே, என் தலைவலியே, சரவணா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. சேக்காடு வீட்டுல உன் திதிக்கு ஏற்பாடு நடந்துகிட்டிருக்கு. உங்க அண்ணன் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துட்டு வந்துட்டார். பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடியோட நீ சிரிக்கிற போட்டோ. அதுக்குக் கீழ 'கடலை வென்ற ஆவடி மைந்தன்'னு பெரிய எழுத்து. கடலை எங்கடா வென்றே? நீ கடல்ல கூட சாகல. கரையில தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தி வச்சிருந்த படகு மேல, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, கேஸ் தொல்லைன்னு சொல்லிக்கிட்டே செத்தே. அதை ஃப்ளெக்ஸ்ல போட முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

பேக்டரி குவார்ட்டர்ஸ்ல உன்னோட கிரிக்கெட் ஆடின கும்பல் சேர்ந்து உன் நினைவா ஒரு மலர் போடறாங்க. "அண்ணி, நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்"னு கேட்டாங்க. சரின்னுட்டேன். ஆனா உக்காந்து எழுத ஆரம்பிச்சா எனக்குத் தண்ணி வரல, கோவம்தான் வருது. இதைப் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்.

நேத்து வரைக்கும் இன்னொரு கூத்தும் நடந்துச்சு. பூஜை அலமாரியில, முருகனுக்கும் உங்க அப்பா படத்துக்கும் நடுவுல ஒரு எல்போ இருந்துச்சு. ஆமா, எல்போதான். குழாய் திரும்பற இடத்துல பிளம்பர் மாட்டுவானே, அந்த ஜாதி. நீ அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல சொல்லிப் பண்ண வச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்போ. அதுக்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. உங்க அம்மா ஒரு வருஷமா அதுக்கு முன்னால நின்னு அழுதாங்க. திதியன்னிக்கு அதை மண்டபத்துல மேடை மேல வச்சு மாலை போடணும்னு உங்க அண்ணன் முடிவு பண்ணியிருந்தார். அந்த எல்போவைப் பத்தின ஒரு உண்மை எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு. அதைச் சொல்றதா, முழுங்கறதான்னுதான் இத்தனை நாளா நான் செத்துகிட்டிருந்தேன்.

மலர் படிக்கிறவங்களுக்காக முதல்ல இருந்தே சொல்றேன். நீ குறுக்க பேசாம கேளு. இப்பவாவது.

அம்பத்தூர்ல நம்ம ஆபீஸ்ல ஒரே வரிசையில உக்காந்திருந்தோம். கல்யாணம் ஆச்சு, லோன் போட்டு ஃப்ளாட் வாங்கினோம், பிள்ளை நிக்கல, அதையும் அழுது முடிச்சோம். ஒருநாள் நீ திடீர்னு வந்து "கலை, ஃப்ளாட்டை வித்துட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கலாம், நாலஞ்சு வருஷம் கடல்லயே சுத்தலாம்"னு சொன்னே. உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சேன். மலேசியாவுல ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வயசாயிடுச்சுன்னு தன் பழைய படகை வித்துகிட்டிருந்தார். போய்ப் பாத்தே, மயங்கிட்டே. படகுக்கு 'அலமேலு'ன்னு உங்க அம்மா பேரை வச்சே. உங்க அம்மா பூரிச்சுப் போனாங்க. படகுக்கு அம்மா பேரு, பாத்திரம் கழுவ நானு.

ஊர் ஊரா சுத்திப் பாக்கப் போறோம்னுதானே சொன்னே? எந்த ஊர்ல என்ன பாத்தேன்னு இப்ப யாராவது கேட்டா எனக்கு ஹார்ட்வேர் கடைதான் ஞாபகம் வருது. ஃபூக்கெட்ல எல்லாரும் பீச்சுல கெடந்தப்ப நாம கக்கூஸ் பம்ப்பைப் பிரிச்சுப் போட்டுட்டு வாஷர் தேடி அலைஞ்சோம். சுமத்ரா பக்கம் ஒரு தீவுல பாய் கிழிஞ்சு, என் நைட்டி தைக்கிற ஊசியால ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தைச்சோம். சுக்கானுக்குள்ள தேய்மானம்னு இன்னொரு ஊர்ல மாட்டிகிட்டு, சாமான் வர்றதுக்குள்ள விசா முடிஞ்சு, பஸ்ஸுல எல்லை தாண்டிப் போயி முத்திரை குத்திக்கிட்டு அதே பஸ்ஸுல திரும்பி வந்தோம். அம்மாகிட்ட போன்ல மட்டும் "சூப்பரா கீதும்மா, சொர்க்கம்மா"ன்னு சொல்லுவே. நான் பக்கத்துல கிரீஸ் கையோட முறைப்பேன்.

எல்லா ரிப்பேரையும் நீயேதான் பண்ணணும். வேற ஆளு தொட்டா உனக்கு ஆகாது. நான் தொட்டா அதைவிட ஆகாது. எனக்கு ஒரே வேலை, டார்ச் பிடிக்கிறது. "கலை, லைட்டு இங்க. இங்கடி. என் மூஞ்சியில இல்ல." அந்த எஞ்சின் பொந்துக்குள்ள நீ தலைகீழா தொங்குவே, உன் கை போற இடத்துக்கெல்லாம் நான் வெளிச்சம் காட்டணும். அப்படியே பாத்துப் பாத்து எனக்கும் எல்லாம் தெரிஞ்சுது. "நான் ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டுமா"ன்னு கேட்டதுக்கு நீ சிரிச்சியே, அந்தச் சிரிப்பை நான் மறக்கலை சரவணா. கடுப்பா இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

உன் ரிப்பேர் லட்சணமும் எனக்குத் தெரியும். "இப்போதைக்கு" கட்டி வைக்கிறதுல நீ கெட்டிக்காரன். குவார்ட்டர்ஸ்ல ஒழுகற குழாய்க்கெல்லாம் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுத்துவாங்களே, அதே வித்தை. ஆவடியில இருந்து ஒரு கட்டு சைக்கிள் டியூப் எடுத்துக்கிட்டு வந்தவன் இந்த உலகத்துல நீ ஒருத்தனாத்தான் இருப்பே. தண்ணி ஹோஸுல டியூப், டீசல் லைன்ல டியூப், சமையல் கேஸ் பைப்புல கூட டியூப். அதை மட்டும் நான் பிடுங்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிட்டு வந்தேன். அன்னிக்கு முழுக்க நீ என்கிட்ட பேசலை.

அப்புறம்தான் லங்காவி. படகு அடியில பாசி சுரண்டி பெயின்ட் அடிக்கணும்னு ஒரு படகு யார்டுல கிரேன் வச்சுத் தூக்கிக் கரையில நிறுத்தினோம். எஞ்சினைப் பாக்கறப்ப புகைக் குழாய் எல்போவுல விரிசல். எஞ்சின் புகையும் சூட்டைத் தணிக்கிற கடல் தண்ணியும் ஒண்ணாச் சேர்ந்து வெளிய போற எல்போ அது. உப்புத் தண்ணி அரிச்சு, விரலை வச்சா உள்ள போற மாதிரி ஆயிடுச்சு. அது இல்லாம எஞ்சினை ஓட்டினா படகுக்குள்ளயே புகை, படகுக்குள்ளயே தண்ணி. சைக்கிள் டியூப் சுத்த முடியாத ஒரே இடம் அதுதான்.

யார்டுக்குள்ளயே ஒரு சாமான் கடை இருந்துச்சு. நம்ம தமிழ்க்காரங்கதான், செல்வி அக்கா கடை. நாம குளிக்கப் போற வழியில. அந்தக் கடைச் சுவத்துல அதே எஞ்சினுக்கான எல்போ, கம்பெனி சாமான், கம்பியில மாட்டித் தொங்கிகிட்டிருந்துச்சு. செல்வி அக்கா எடுத்துக் கையிலயே குடுத்தாங்க. நீ விலையைக் கேட்டே. சிரிச்சே. திருப்பிக் குடுத்துட்டே.

"அக்கா, எங்க ஊரு எதுன்னு தெரியுமா? அம்பத்தூரு பக்கம். ராக்கெட்டுக்கே பார்ட்ஸ் அடிக்கிறான் அங்க. அம்பத்தூர்ல பண்ணாத எல்போவா?"

"சாமான் முன்னுக்கு இருக்குலா தம்பி. எடுத்து மாட்டுனா முடிஞ்சுது வேலை."

"இது துருப்பிடிக்கும்க்கா. நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பண்ண வைக்கிறேன். பேரன் காலத்துக்கும் நிக்கும்."

பேரன். பிள்ளையே இல்லாத நமக்கு. நான் அப்ப உன்னை ஒரு பார்வை பாத்தேன், நீ கவனிக்கல.

நீயே உக்காந்து அளவெடுத்தே, நீயே படம் வரைஞ்சே, போட்டோ எடுத்து உங்க அண்ணனுக்கு அனுப்பினே. எஸ்டேட்ல ஒரு பட்டறையில கொடுத்து, ஸ்பேருக்கு ஒண்ணு சேர்த்து ரெண்டு பண்ணச் சொன்னே. ரெண்டும் சீக்கிரமே வந்துடுச்சு. பளபளன்னு போட்டோ அனுப்பினார் உங்க அண்ணன். நீ அதை யார்டு பூரா காட்டிகிட்டுத் திரிஞ்சே, பொறந்த குழந்தையைக் காட்டற மாதிரி.

அனுப்ப வேண்டியதுதானே பாக்கி? உங்க அம்மா தடுத்தாங்க. "ஆடி பொறந்துடுச்சுடா. புதுச் சாமானை ஆடியில எவனாவது அனுப்புவானா? ஆவணி பொறக்கட்டும், திருமுல்லைவாயில் கோயில்ல வச்சு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு அனுப்பலாம்." எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. கூரியர்ல போடற இரும்புக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? நீயாவது சண்டை போடுவேன்னு பாத்தேன். "அம்மா சொன்னா கேட்டுக்கணும் கலை, படகே அவங்க பேருதானே"ன்னு சொல்லிட்டு பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டே.

அந்த ஆடி மாசத்தை நான் எப்படி மறப்பேன்? கடல்ல இருந்தா காத்தாவது வரும். கரையில நிக்கிற படகு அடுப்புதான். குடிக்கத் தண்ணி வேணும்னாலும் ஏணி, கக்கூஸ் போகணும்னாலும் ஏணி. நீ அந்த ஏணியில ஏறும்போது நடுவுல நிக்க ஆரம்பிச்சே. நெஞ்சைத் தடவினே. "என்னடா?"ன்னா "கேஸு"ன்னே. உங்க வீட்டுல யாருக்கு நெஞ்சு வலிச்சாலும் கேஸுதான். சோடா குடிச்சே. ஓமத் தண்ணி போடச் சொன்னே. பெருசா ஒரு ஏப்பம் விட்டுட்டு "பாத்தியா, போயிடுச்சு"ன்னு ஜெயிச்ச மாதிரி சிரிச்சே. தோள்பட்டை வலிக்குதுன்னே, பெயின்ட் அடிச்சதால இருக்கும்னு நீயே பதிலும் சொல்லிகிட்டே.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. வேன்ல போனா பக்கம்தான்."

"எல்போ வரட்டும். மாட்டிட்டு, படகைத் தண்ணியில இறக்கிட்டு, அப்புறமா நிம்மதியா பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"இப்ப போனா அட்மிட் பண்ணுவான். நான் படுத்துகிட்டா படகை யாரு பாக்கறது?"

"நான் இருக்கேன்ல?"

"நீ டார்ச் பிடிப்பே."

இதுதான் நாம கடைசியா போட்ட சண்டை. அதுக்கு அடுத்த நாள் மத்தியானம் ரசம் சாதம் எடுத்துக்கிட்டு மேல வந்தேன். தலையைச் சாய்ச்சு உக்காந்திருந்தே. தூங்கறேன்னு நெனச்சு தட்டை மூடி வச்சுட்டேன். அப்புறம்தான் கையைத் தொட்டேன். செல்வி அக்கா வேன் எடுத்தாங்க, யார்டு ஆளுங்க ஏணியில உன்னை எப்படி இறக்கினாங்கன்னே எனக்கு நினைவில்ல. ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிட்டாங்க. டாக்டர் என்கிட்ட கேட்டார், இதுக்கு முன்னாடி வலி எதுவும் சொன்னாரான்னு. "கேஸ்னு சொன்னார்"னு சொன்னேன். சொல்றப்பவே எனக்கு வெக்கமா இருந்துச்சுடா.

அங்கயே எரிச்சோம். அந்த ஊர்க்காரங்க, யாரோ என்னவோ, அண்ணன் தம்பி மாதிரி நின்னு எல்லாம் செஞ்சாங்க. நான் ஒரு கலயத்தோட சேக்காடு வந்து இறங்கினேன். உங்க அம்மா வாசல்லயே என்னைப் பாத்துக் கேட்ட ஒரே வார்த்தை, "எம்புள்ள மூஞ்சியைக் கூடக் காட்டலியேடி." திட்டியிருந்தா தேவலை. அந்த வீட்டுல எல்லார் மனசுலயும் ஒண்ணுதான் ஓடுச்சு: இவதான் இழுத்துகினு போயி கொன்னுட்டா. கடல் ஆசை உன்னோடதுன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னாத்தான் நம்புவாங்களா?

எனக்கும் உங்க அம்மா மேல கோவம் இருந்துச்சு. மறைக்க மாட்டேன். ஆடி, ஆவணின்னு அந்த எல்போவைப் பிடிச்சு வச்சாங்களே. அது அப்பவே வந்திருந்தா நீ மாட்டியிருப்பே, இறக்கியிருப்பே, டாக்டரைப் பாத்திருப்பே. ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல, நானும் அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே சோறு பொங்கிகிட்டிருந்தோம்.

அதுக்குள்ள நீ சாமியாயிட்டே. நம்ம ஊர் வழக்கம் அது, செத்துட்டா சாமி. தெருவுல போறவங்கல்லாம் "எப்பேர்ப்பட்ட மனுசன், எதைத் தொட்டாலும் சரி பண்ணிடுவாரே"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. உங்க அம்மா அந்த ரெண்டு எல்போவையும் எடுத்துப் பூஜை அலமாரியில வச்சாங்க. கடைசியா எம்புள்ள பண்ணச் சொன்ன சாமான். நீ கோபக்காரன், அடம் பிடிக்கிறவன், அதிகம் உப்பு போட்டுத் தின்னுறவன், இதெல்லாம் எங்கயோ காணாம போச்சு. நான் எதைப் பிடிச்சுகிட்டு அழறது?

படகு அங்கயே நின்னுது. மழைக்காலத்துக்கு முன்னாடி எடுத்தாகணும்னு யார்டுல இருந்து கேட்டுகிட்டே இருந்தாங்க. உங்க அண்ணன் சொன்னார், "இன்னாத்துக்கு கலை? ஒரு கையெழுத்தைப் போட்டு அவனுங்ககிட்டயே விட்டுடு. ஒண்டியா ஒரு பொம்பள அங்க போயி இன்னா பண்ணுவ?" அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா எனக்கு அந்த "இன்னா பண்ணுவ" சுருக்குன்னு தைச்சுது. உன் குரல்லயே கேட்டுச்சு. உங்க அம்மாகிட்ட ஒரு எல்போவைக் கேட்டேன். கண்ணுல ஒத்திகிட்டு எடுத்துக் குடுத்தாங்க. இன்னொண்ணு அலமாரியிலயே இருந்துச்சு. நான் போனேன்.

நாற்காலி அப்படியே இருந்துச்சு. மழையில நனைஞ்சு, இலை விழுந்து. அதை முதல்ல எடுத்துக் கீழ எறிஞ்சேன். அப்புறம் எஞ்சின் பொந்துக்குள்ள நானே எறங்கினேன். டார்ச்சைத் தலையில கட்டிகிட்டேன், பிடிக்க ஆளு தேவைப்படலை. பழைய எல்போவோட நாலு போல்ட்டும் துருவேறி நகரவே இல்ல. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி முறுக்கி, கை தோல் உரிஞ்சு, ஒருவழியா கழட்டினேன். அழுக்கைச் சுரண்டினேன். நடுவுல கசியாம இருக்க புது கேஸ்கெட் வச்சேன். உன் எல்போவை எடுத்து வச்சேன்.

உக்காரலை.

முதல்ல நான்தான் தப்பா வைக்கிறேன்னு நெனச்சேன். திருப்பி வச்சேன். பின்னாடி இருக்கிற பலகையில போய் இடிச்சுது. மறுபடி திருப்பினேன், தண்ணி வர்ற வாய் தரையைப் பாத்துச்சு. அப்புறம் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பழசு வலது பக்கம் வளையுது. உன்னோடது இடது பக்கம் வளையுது. அளவு ஒரு நூல் பிசகலை, வெல்டிங் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா மாத்தி வளைஞ்சிருக்கு. பட்டறைக்காரன் நீ வரைஞ்ச மாதிரியேதான் பண்ணியிருந்தான். நீ எஞ்சினுக்கு முன்னால நின்னு பாதி, பின்னால தொங்கிகிட்டுப் பாதி அளவெடுத்தே. நான்தானே வெளிச்சம் காட்டினேன். வரையறப்ப எது எந்தப் பக்கம்னு குழம்பிட்டே.

எஞ்சின் பொந்துக்குள்ளயே உக்காந்துட்டேன் சரவணா. முதல்ல சிரிப்பு வந்துச்சு. வாய்விட்டுச் சிரிச்சேன். அப்புறம் உன்னைத் திட்டினேன், எனக்குத் தெரிஞ்ச எல்லா வார்த்தையிலயும். இதுக்காடா? இந்தக் கோணல் இரும்புக்காடா அடுப்பு மாதிரி காயற படகுல ஓமத் தண்ணி குடிச்சுகிட்டு உக்காந்திருந்தே? தினமும் துண்டைத் தோள்ல போட்டுகிட்டு அந்தக் கடையைத் தாண்டித்தானே குளிக்கப் போனே? ஒரு நாளாவது நிமிர்ந்து அந்தச் சுவத்தைப் பாத்தியா?

செல்வி அக்கா கடைக்குப் போனேன். அது இன்னும் அங்கயே தொங்கிகிட்டிருந்துச்சு. அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மாட்டிட்டேன். சாவியைத் திருப்பினதும் எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டு பிடிச்சுகிச்சு. பின்னாடி புகையும் தண்ணியும் சேர்ந்து அழகா வெளிய போச்சு. யார்டு ஆளுங்க கை தட்டினாங்க. நான் அழுதேன், சந்தோஷத்துல இல்ல.

நீ சைக்கிள் டியூப் சுத்தி வச்சிருந்த ஒவ்வொரு இடத்தையும் பிரிச்சுப் புதுசு போட்டேன். பெயின்ட் பாக்கியை முடிச்சேன். அலமேலு தண்ணியில எறங்கினா. ஒரு நல்ல ஜோடி, வயசானவங்க, வாங்கிகிட்டாங்க. அவங்க பாயை ஏத்திப் போனதை நான் கரையில நின்னு பாக்கலை. எனக்குக் கடல் பிடிக்கும்னு நீ கடைசி வரைக்கும் நெனச்சுகிட்டிருந்தியா? நீ கேட்டதே இல்லையே.

போன்ல உங்க அம்மா கேட்டாங்க, "எஞ்சின் ஓடுதா?" "ஓடுது அத்தை." "எம்புள்ள எல்போ ஓட்டுதா?" நான் பேசாம இருந்தேன். அதை ஆமான்னு எடுத்துகிட்டாங்க. உங்க அண்ணன் எஸ்டேட் பூரா சொல்லிட்டார், அம்பத்தூர் எல்போ மலேசியாக் கடல்ல ஓடுதுன்னு. அப்படித்தான் அலமாரியில இருந்த இன்னொண்ணுக்கு இத்தனை மவுசு வந்துச்சு. நான் கொண்டுபோனதை அந்த யார்டுலயே குப்பையில போட்டுட்டு வந்தேன்.

சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். உங்க அம்மா அந்த எல்போவைத் துடைக்கிறதைப் பாத்ததும் எழுந்து போயிடுவேன். அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கணுமான்னு தோணும். ஆனா நேத்து காலையில உங்க அண்ணன் வந்தார். ஃப்ளெக்ஸ் மாதிரியைப் போன்ல காட்டினார். உன் போட்டோவுக்குப் பக்கத்துல எல்போ போட்டோ. எல்போவைச் சுத்தி ஒளிவட்டம் போட்டிருந்தாங்க.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கலை. "மாமா, அது பொருந்தலை"ன்னேன்.

"இன்னா பொருந்தல? கலர் மாத்தச் சொல்லட்டுமா?"

"எல்போ பொருந்தலை. அவர் தப்பா வரைஞ்சுட்டார். வலது பக்கம் வளையணும், இது இடது பக்கம் வளைஞ்சிருக்கு. ரெண்டுமே அப்படித்தான். நான் கடையில இருந்ததை வாங்கி மாட்டித்தான் படகை எறக்கினேன்."

உங்க அண்ணன் முகம் சிவந்துடுச்சு. "செத்தவனப் பத்தி இன்னா பேச்சு இது? வாயிருக்குன்னு பேசிடறதா? அவன் தொட்டு எதுனா தப்பாயிருக்கா இதுவரிக்கும்?" அப்படின்னு எழுந்து நின்னுட்டார். நானும் எழுந்தேன். அத்தை சமையலறை வாசல்ல நின்னுகிட்டிருந்தாங்க, கையில கரண்டியோட. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க.

"நீ இரு பெரியவனே"ன்னாங்க. என்கிட்ட வந்தாங்க. ஒரு வருஷத்துல முதல் தடவையா நேரா என் கண்ணைப் பாத்தாங்க.

"அப்ப நான் ஆடியிலயே அனுப்பியிருந்தாலும்?"

எனக்கு முதல்ல புரியலை.

"அனுப்பியிருந்தாலும் அது மாட்டியிருக்காதா?"

"மாட்டியிருக்காது அத்தை. எப்ப வந்திருந்தாலும் மாட்டியிருக்காது."

"நெசமா சொல்றியா? எனக்கோசரம் சொல்லலியே?"

"உங்க பிள்ளை மேல சத்தியமா."

அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "நான்தான் எம்புள்ளைய கொன்னுட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன். ஆடி ஆடின்னு நான்தான் பிடிச்சு வச்சேன். அந்த இரும்புகிட்ட தெனமும் மன்னிப்புக் கேட்டுகினு இருந்தேன்டி"ன்னு சொல்லி, தொண்டை கிழிய அழுதாங்க. உன் சாம்பல் வந்தன்னிக்குக் கூட அவங்க அப்படி அழலை. நான் பக்கத்துல உக்காந்து பிடிச்சுகிட்டேன். உங்க அண்ணன் செருப்பைக் கூடப் போடாம வெளியில போய் நின்னார்.

பாத்தியா நீ பண்ணி வச்ச வேலையை? என்னைக் கொலைகாரின்னு அவங்க நெனக்கிறாங்கன்னு நான் வெந்துகிட்டிருந்தேன். அவங்க தன்னைத்தானே நெனச்சுகிட்டிருந்தாங்க. ஒரு வருஷம், ஒரே கூரைக்குக் கீழ, ரெண்டு பொம்பளைங்க உன் பழியைத் தூக்கிச் சுமந்திருக்கோம். நீ மட்டும் மேல மாலையோட சிரிச்சுகிட்டிருந்தே.

மத்தியானம் அவங்களே எனக்குச் சோறு போட்டாங்க. போட்டுகிட்டே சொன்னாங்க, "சின்னதுலயும் அவனுக்குச் சோத்தாங்கை, பீச்சாங்கை தெரியாது. இஸ்கூலுக்கு ஷூவ மாத்திப் போட்டுகினு போவான். சொன்னா கேட்டாத்தானே." ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி அழுதோம். சாப்பிட்டதும் அலமாரியில இருந்து அதை எடுத்து, குங்குமத்தைத் தண்ணி விட்டுக் கழுவி, பழைய பேப்பர் கட்டோட வச்சுட்டாங்க. எடைக்குப் போடலாமாம்.

சரவணா, சாமியை யாரும் திட்டறதில்ல. நான் உன்னைத் திட்டணும்டா. இன்னும் ரொம்ப வருஷத்துக்குத் திட்டணும், அவ்வளவு பாக்கி இருக்கு எனக்குள்ள. அதனால ஒரு வாக்கு தர்றேன். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் உன்னைச் சாமியாக்க விடமாட்டேன். உன் படத்துக்குப் பூ வைப்பேன், உனக்குப் பிடிச்ச மீன் வறுத்து வைப்பேன், கையெடுத்துக் கும்பிட மாட்டேன். கண் எதிர்ல தொங்கினதை ஏன்டா வாங்கலைன்னு தினமும் கேப்பேன். பதில் சொல்லாட்டியும் கேப்பேன். நீ என் புருஷனாவே இரு.

உன்னோட சண்டையை இன்னும் முடிக்காத
உன் பொண்டாட்டி,
கலை